ஒட்டுக்குக் கீழே

மூணாறிலோ பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலோ முற்றத்தில் ரோஜா வைக்க நினைப்பவர் முதலில் கட்சி சேர வேண்டும்: பழைய நாட்டு ரோஜாவா, புது ஹைபிரிடா? உலக வழக்கில் இந்த எல்லைக்கோடு 1867. பிரான்சில் கியோ என்பவர் உருவாக்கிய புது ஹைபிரிட் ரோஜா ‘லா பிரான்ஸ்’ தலைகாட்டிய வருஷம்.

நர்சரியில் சரித்திரம் விற்காது. கறுப்புப் பையில் ஒற்றைப் பெரிய பூவோடு நிற்கும் செடிதான் விற்கும். வாசனை? “கலரைப் பாருங்கண்ணே!” மூணாறு மழையில் அதன் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டும். பாலக்காட்டில் கணவாய்க் காற்றும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் அடியிலிருந்து தளதளவென்று புதுக்கொம்பு கிளம்பும். உரம் பிடித்துவிட்டதென்று வீடே பூரிக்கும். பூத்தால், பாட்டி தலையில் வைத்த அதே எட்வர்ட் ரோஜா! ஒட்டுக்கு அடிச்செடியாக இத்தனை நாள் உழைத்தது அதுதான். மேலே ஒட்டியது பட்டுப்போனால் கீழே இருப்பவர் பதவியேற்கிறார். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளாத வீடுகளில் தேர்தலே தேவையில்லை.

நாட்டு ரோஜாக் கட்சி இதற்காக வெடி வெடிக்க வேண்டாம். எட்வர்டும் வந்தேறிதான், அன்று போர்போன் தீவு எனப்பட்ட பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியனில் பிறந்தது. நிஜமான உள்ளூர்க்காரி, பழனி மலையிலும் நீலகிரியிலும் மரமேறி வெள்ளையாகப் பூக்கும் ரோசா லெஷனோல்டியானா. அதை வீட்டில் வைக்கலாமே என்றால் இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொல்லும்: “ஐயே, அது காட்டு முள்ளு!”