மெய்க்கீர்த்தி பாடும் சோதனையாளர்

மென்பொருள் வாடிக்கையாளரின் கைக்குப் போகுமுன் அதை இயக்கிப் பார்த்து, அத்துறையினர் 'பக்' என்று வழங்கும் பிழைகளைத் தேடிப் பிடிப்பவர் சோதனையாளர் ஆவார். பிழை காணும் நோக்கத்துடனேயே நிரலை இயக்குவதுதான் சோதனை என்று கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979-இல் வெளியிட்ட தம் நூலில் வரையறுத்தார். பிழை இருப்பதைச் சோதனை காட்டுமேயன்றி, இல்லை என்பதை ஒருநாளும் நிறுவாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதற்கு முன்பே எச்சரித்திருந்தார். ஆகவே இத்தொழிலில் நன்றாக உழைத்தவரிடம் எடுத்துக்காட்ட எதுவும் எஞ்சுவதில்லை. வங்கிச் செயலியில் பணம் இருமுறை கழியாத நாளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கழிந்த நாளிலோ, 'டெஸ்டிங் டீம் என்ன செய்துகொண்டிருந்தது?' என்ற கேள்வி முதல் மின்னஞ்சலிலேயே வந்து நிற்கிறது. இந்த அநீதி உண்மையானது. அதற்குப் பரிகாரமாகத் தோன்றியவரே இங்கு ஆராயப்படும் 'புலப்படும் சோதனையாளர்'.

ஒவ்வொரு மனிதரும் தம்மையே ஒரு வணிகமுத்திரையாக வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று டாம் பீட்டர்ஸ் 1997-இல் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கருத்து, லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைச் சமூகத் தளத்தின் மீதேறிச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் வந்து சேர்ந்தது. அத்தளத்தில் பெயருக்குக் கீழே 220 எழுத்துகளுக்கு இடமுண்டு. புலப்படும் சோதனையாளர் அதில் ஒன்றையும் வீணாக்குவதில்லை. சோழர் கல்வெட்டுகளில் எந்த ஊர் நிலம் எந்தக் கோயிலுக்குப் போனது என்று அறிவதற்கு முன், மன்னன் வென்ற நாடுகளை எல்லாம் அடுக்கும் மெய்க்கீர்த்தியைக் கடக்கவேண்டியிருப்பதுபோல, 'தரத்தின் காவலர், தானியக்கச் சிற்பி, மேடைப் பேச்சாளர், வழிகாட்டி, ஃபில்டர் காபி உபாசகர்' ஆகிய அனைத்தையும் கடந்த பிறகே அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது ஒருவாறு தெரியவரும். ஆட்சியாண்டு ஏற ஏற மெய்க்கீர்த்தி நீண்டதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

சோதனையாளர்களுக்குச் சான்றளிக்கும் பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்டிக்யூபி-யின் அடிப்படைத் தேர்வில் 40 வினாக்கள் உண்டு. 26-க்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. அத்தேர்வில் வென்ற அன்று அவர் பெற்றோருக்கும் மேலாளருக்கும் பிரபஞ்சத்துக்கும் நன்றி கூறி எழுதும் பதிவு, வினாத்தாளைவிட நீளமானது என்று சக ஊழியர்கள் கருதுவதில் பொறாமை கொஞ்சம் கலந்திருக்கலாம்.

அவருடைய வாழ்வில் வெறும் நிகழ்ச்சி என்று எதுவும் நிகழ்வதில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலில் அரைமணி நேரம் நின்றாலும், மகளின் பிறந்தநாள் கேக் சரிந்தாலும், புதிய மாற்றத்தால் முன்பு சரியாக இயங்கியது கெட்டுவிட்டதா என்று மீண்டும் பார்க்கும் 'ரிக்ரஷன்' சோதனை பற்றிய ஐந்து பாடங்களாக அவை மறுநாள் காலை எட்டரைக்குள் உருமாறிவிடுகின்றன. வரிக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்துக்கு ஒரு வெற்றிடம் என்று அமையும் அந்நடை, நிறுத்தி வாசிப்பதற்கென்று அவரால் விளக்கப்படுகிறது. (இவ்வகையினரில் சிலர், 2004-இல் பிறந்த செலினியம் என்னும் தானியக்கக் கருவியைக் கட்டணமின்றித் தமிழில் கற்பித்து, பயிற்சி நிலையத்துக்குக் கட்டப் பணமில்லாத பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.)

எனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. பிறர் நிரலில் ஒரு காற்புள்ளியையும் நம்பாத இவர், தம்மைப் பற்றித் தாமே எழுதியதை மட்டும் சோதனையின்றி வெளியிடுகிறார். அனுமதிக்கப்பட்ட அளவின் விளிம்பிலும் அதற்குச் சற்று அப்பாலும் உள்ள மதிப்புகளைக் கொடுத்துப் பார்ப்பது எல்லைமதிப்புச் சோதனை எனப்படும். அதை மேடைதோறும் விளக்கும் அவரது சுயவிவரத்தில், 2020-இல்தான் வெளிவந்த பிளேரைட் என்னும் கருவியில் பன்னிரண்டாண்டு அனுபவம் காணப்படுகிறது. அண்மையில் பணியில் சேர்ந்த இளைஞர் எவரேனும் இதைக் கவனித்து, தொழில் மரபுப்படி, பிழை தோன்றும் படிநிலைகளையும் திரைப்பிடிப்பையும் இணைத்துத் தனிச்செய்தியில் பணிவாக, "அண்ணா, இது டைப்போவா இருக்குமோ?" என்று கேட்பதுண்டு. வடிவமைப்பே அப்படித்தான் என்று நிரலாளர் சொல்லி ஒரு பக்கை மூடினால் மூன்று நாள் வாதாடும் அவர், இதை அதே காரணம் காட்டி இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டு, விமர்சனத்தைத் திறந்த மனத்துடன் வரவேற்பது எப்படி என்ற அடுத்த பதிவை எழுதத் தொடங்குகிறார்.