கேட்பரியார் மன்னிக்க வேண்டும்

பர்மிங்காம் நகருக்குத் தெற்கே போர்ன்வில் என்றொரு பேட்டை இருக்கிறது. 1879-ல் கேட்பரி சகோதரர்கள் தங்கள் சாக்லேட் தொழிற்சாலையை நகரத்துப் புகையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே வயல்வெளியில் வைத்தார்கள். பிறகு அதைச் சுற்றி ஓர் ஊரையே எழுப்பினார்கள். பூங்கா உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கிரிக்கெட் மைதானம் உண்டு, வீட்டுக்கு வீடு தோட்டம் உண்டு. பப் மட்டும் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் ஸ்டர்ச்லி. அங்கே பப்பைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது என்று சொன்னால் ஸ்டர்ச்லிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் வேறு ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

நான் குடியிருப்பது போர்ன்வில் பக்கம். குடிப்பது ஸ்டர்ச்லி பக்கம்.

நவம்பர் பிறந்து கொஞ்ச நாளில், நான் வழக்கமாகப் போகும் பப்பின் கரும்பலகையில் சாக்பீஸால் இரண்டு வார்த்தை எழுதுவார்கள்: சாக்லேட் ஸ்டவுட். வருஷம் முழுக்கக் கிடைக்கிற சரக்கு இல்லை இந்தக் கறுப்பு பியர். குளிரோடு வந்து குளிரோடு போய்விடும். டிசம்பரில் இந்த ஊர்ச் சூரியன் மாலை நான்கு மணிக்குள் கடையைக் கட்டிவிடுவார். சூரியனே வேலையை விட்டுக் கிளம்பிய பிறகு மனுஷன் மட்டும் என்ன செய்வான்? கோடையில் இதைக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். மே மாதத்தில் யாராவது கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் போலீஸ் பிடிக்காதுதான். ஆனாலும் உட்காருவதில்லையே.

கிளாஸில் ஊற்றினால் கன்னங்கரேல் என்று இருக்கும். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தெரியும். மேலே வெளிர் பழுப்பு நுரை. முதல் வாயில் சாக்லேட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கருகலும் கசப்பும்தான் முன்னால் வந்து நிற்கும். விழுங்கிய பிறகு, நாம் வேறு ஏதோ பேச வாயெடுக்கும் நேரத்தில், தொண்டைக்குள்ளிருந்து சாக்லேட் மேலே ஏறி வரும். பேச வந்தது மறந்துபோகும். பப்பில் ஆட்கள் பேச்சை நடுவில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பதற்கு வயது காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

இந்தச் சாக்லேட் எப்படி உள்ளே போகிறது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி சாக்லேட்டைத் தொடுவதே இல்லை. பார்லியை முளைக்கவைத்துக் காயவைத்தால் மால்ட். அதை உருளைக்குள் போட்டு 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் நிறமும் மணமும் சாக்லேட்டாக மாறிவிடும். சாக்லேட் மால்ட் என்பார்கள். கொக்கோ பொட்டுக்கூட இருக்காது. 1817-ல் டேனியல் வீலர் என்பவர் மால்ட் வறுக்கிற உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கைப்பிடி கருமால்ட்டைப் போட்டு ஓர் அண்டா பியரைக் கறுப்பாக்கும் வித்தை அன்று பிறந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பிரூவரியில் 1994-ல் கேரட் ஆலிவர் உருவாக்கிய பிளாக் சாக்லேட் ஸ்டவுட் இந்தக் கட்சி. வெறும் மால்ட்டை வைத்தே காரியத்தை முடித்தார். அதுவும் குளிர்காலத்துச் சரக்குதான்.

இன்னொரு கட்சி நேராகச் சாக்லேட்டையே போட்டுவிடும். லண்டன் யங்ஸ் கம்பெனி 1997-ல் கொண்டுவந்த டபுள் சாக்லேட் ஸ்டவுட்டில் சாக்லேட் மால்ட்டும் உண்டு, நிஜ சாக்லேட்டும் உண்டு. ஆகவே டபுள். ஆனால் சாக்லேட்டைப் போடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கொக்கோவில் பாதிக்கு மேல் கொழுப்பு. கொழுப்பு பட்டால் பியர் நுரை நிற்காது. பப்பில் எண்ணெய்க் கையோடு கிளாஸைத் தொட்டால் முறைப்பது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. எனவே பிரூவரிக்காரர்கள் பெரும்பாலும் வறுத்து உடைத்த கொக்கோ பருப்பையோ கொழுப்பு நீக்கிய தூளையோதான் போடுவார்கள். அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்கு 1828-ல் ஹாலந்தில் வான் ஹவுட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றது. இங்கிலாந்தில் அந்த இயந்திரத்தை வாங்கி வைத்து, 1866-ல் கலப்படமில்லாத கொக்கோ தூள் என்று விற்றுப் பணக்காரர்களானவர்கள் யார்? நம் கேட்பரி சகோதரர்களேதான்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஏனென்றால் அவர்கள் கொக்கோ விற்றதே என் மாதிரி ஆட்களை பப்பிலிருந்து மீட்பதற்காக.

கேட்பரி குடும்பம் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். குவேக்கர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், சண்டைக்குப் போக மாட்டார்கள், அரசாங்கத் திருச்சபையிலும் சேர மாட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் கிடையாது. பட்டம், பட்டாளம், பாதிரி வேலை மூன்றும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது வியாபாரம். பர்மிங்காமில் கேட்பரி, யார்க்கில் ரவுன்ட்ரீ, பிரிஸ்டலில் ஃப்ரை என்று பிரிட்டனின் மூன்று பெரிய சாக்லேட் வீடுகளும் குவேக்கர் வீடுகள்தான். சகோதரர்களின் அப்பா ஜான் கேட்பரி 1824-ல் பர்மிங்காம் புல் தெருவில் கடை திறந்து டீயும் காபியும் கொக்கோவும் விற்றார். சாராயத்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது, கையில் வேறு ஒரு கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சேலத்தில் 1937-ல் மதுவிலக்குக் கொண்டுவந்த ராஜாஜியும் இவரும் ஒரே தலைமுறையில் இருந்திருந்தால் மணிக்கணக்காகப் பேசியிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

பாவம், ஜான் கேட்பரிக்கு நேரம் சரியில்லை. அவர் கடை திறந்த அதே 1824-ல் பாராளுமன்றம் எடை அளவுச் சட்டம் போட்டு, கேலன் என்றால் இவ்வளவு என்று தீர்மானித்தது. அதில் எட்டில் ஒன்று, 568 மில்லி, இன்றைய பைண்ட். இன்றைக்கும் பப்பில் கிளாஸை இந்த அளவுக்கு முத்திரை குத்தித்தான் வைக்கிறார்கள். 1830-ல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு கினி கட்டினால் வரி செலுத்தும் எந்தக் குடும்பஸ்தனும் வீட்டிலேயே பியர் விற்கலாம். நாடு முழுக்க முன்னறைகள் பப்பாகிவிட்டன. ஜான் கேட்பரி 1831-ல்தான் சொந்தமாகக் கொக்கோ தயாரிக்கத் தொடங்கினார். யார்க்கில் ஜோசப் ரவுன்ட்ரீ 1899-ல் மதுப் பிரச்சினையைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து தடியாக ஒரு புத்தகமே எழுதினார். படித்தவர்கள் நிச்சயம் திருந்தியிருப்பார்கள். பப்பில் இருந்தவர்கள் படித்தார்களா என்பதுதான் கேள்வி.

ஆனால் என் மனசாட்சியை ஒரு பழைய கணக்கு காப்பாற்றுகிறது. லண்டனில் ஹென்றி த்ரேல் என்ற பெரிய பியர் முதலாளி 1781-ல் இறந்தார். அவருடைய பிரூவரியை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு வந்தவர்களில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் ஒருவர். வாங்கியவர்கள் பார்க்லே குடும்பம். விலை 1,35,000 பவுண்ட். அந்த பிரூவரியிலிருந்துதான் ரஷ்ய அரண்மனைக்குக் கன்னங்கரிய ஸ்டவுட் கப்பல் ஏறியது. இன்று இம்பீரியல் ஸ்டவுட் என்று கொண்டாடுகிறார்களே, அதன் மூதாதை. பார்க்லே குடும்பமும் குவேக்கர்கள்! அந்த நூற்றாண்டில் ஜின் தான் குடி கெடுக்கும் பிசாசு; பியர் கௌரவமான ஆகாரம். அதைக் காய்ச்சுவதில் குவேக்கர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஆக, ஒரு பங்காளி ஸ்டவுட் காய்ச்சினான். அடுத்த தலைமுறையில் இன்னொரு பங்காளி அதை ஒழிக்கக் கொக்கோ காய்ச்சினான். இருநூறு வருஷ வழக்கு. என் கிளாஸில் சமரசமாகியிருக்கிறது. நான் சாட்சிக் கையெழுத்துப் போடத்தான் ஸ்டர்ச்லிக்குப் போகிறேன்.

இந்த வாதத்தை என் மனைவியிடம் சொன்னேன். "என்னங்க, சாக்லேட் சாப்பிட்டா சிவாஜி பாட்டு வராதே" என்றாள்.

கூட வருகிறவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முதல் கிளாஸை அவரிடம் நீட்டியபோது கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"தம்பி, உது எத்தினை வீதம்?"

"அஞ்சு, அண்ணை."

"அஞ்சோ? அப்ப உது கொக்கோதான். குடியும்."

அவருக்கு அளவுகோல் லயன் ஸ்டவுட். இலங்கையில் நுவரெலியா மலையில் பிறந்த பிரூவரியின் சரக்கு, 8.8 சதவீதம். சாக்லேட் ஒரு துண்டு போடாமலே சாக்லேட் மணக்கும். "எங்கட லயன் ஸ்டவுட்டுக்கு உலகத்தில நிகர் இல்லை. மைக்கல் ஜாக்சனே எழுதியிருக்கிறார்" என்று அவர் சொன்னதும் பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது. அவர் சொன்னது உண்மைதான். பியரைப் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் ஒருவருக்கும் அதே பெயர். லயன் ஸ்டவுட்டை வெளியுலகத்துக்குத் தெரியவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எந்த மைக்கேல் ஜாக்சன் என்பதை அண்ணை யாருக்கும் விளக்குவதில்லை. பக்கத்து மேசைக்காரர் அதற்குப் பிறகு அவரிடம் தனி மரியாதையோடு பேசுகிறார்.

உடம்புக்கு நல்லது என்ற கட்சியும் அண்ணையுடையதுதான். ஊரில் இளைத்துப் போனவர்களுக்கு ஸ்டவுட்டில் முட்டை அடித்துக் கொடுப்பார்கள் என்று அவருடைய மாமா சொல்வாராம். வெள்ளைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 1929-ல் கின்னஸ் முதன்முதலாகப் பெரிய விளம்பரம் போட்டபோது, இது உடம்புக்கு நல்லது என்றுதான் போட்டது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஸ்டவுட் சிபாரிசு செய்த காலமும் இங்கே இருந்தது. இப்போது எந்த டாக்டரும் அப்படிச் சொல்வதில்லை. அண்ணையும் டாக்டரைக் கேட்பதில்லை.

போன குளிருக்குச் சென்னையிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான். பப்பில் கைப்பம்ப்பை இழுத்து ஊற்றும் பியர் நிலவறையிலிருந்து நேராக வருவது. 11 முதல் 13 டிகிரி வரைதான் இருக்கும். அதற்கு மேல் குளிரவைத்தால் மணம் உறைந்துபோகும், சாக்லேட் வாயைத் திறக்காது. மைத்துனன் ஒரு வாய் குடித்துவிட்டு நேராகக் கவுன்டருக்குப் போனான். "ஐஸ் கியூப் இருக்கா?" என்று இங்கிலீஷில் கேட்டான். கவுன்டரில் நின்ற அம்மாள் நல்லவள். வந்தவர் கிழவரானாலும் குழந்தையானாலும் செல்லம் கொஞ்சிப் பேசும் பர்மிங்காம் வழக்கம் அவளுக்கு உண்டு. அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை எழுந்துபோய், "அவர் கொஞ்சம் விசர், நேத்துத்தான் பிளேனில வந்தவர்" என்பதைத் தன் இங்கிலீஷில் சொல்லி, மானத்தைக் காப்பாற்றினார்.

மைத்துனன் சும்மா ஊர் திரும்பவில்லை. "மாமா தினம் சாயந்திரம் சாக்லேட்டுக்காக ஒரு கடைக்குப் போறாரு" என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். பொய் சொல்லவில்லை, அதனால் திட்டவும் முடியவில்லை. அம்மா உடனே போன் செய்தாள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏண்டா, இந்த வயசுல சாக்லேட் என்னடா உனக்கு? நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் சர்க்கரை. உங்கப்பா கடைசியில பட்டதெல்லாம் மறந்துபோச்சா?"

"கொஞ்சமாத்தான்மா."

"கொஞ்சமும் வேணாம், நிறையவும் வேணாம். அந்தச் சாக்லேட்டை இன்னையோட தலைமுழுகு. குளிர் ஊரு, சாயந்திரமானா வாய் ஏதாவது கேக்கத்தான் செய்யும். நாலு பேரோட உக்காந்து, எதையாவது நல்லதா குடிச்சிட்டு வந்து படுடா."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா பேச்சை நான் என்றைக்கும் தட்டியதில்லை.