பூட்டன் வந்த வழி

கேள்வி: கொழும்புத் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் பார்க்க ஆசை. "மலையில் பிறந்தவளுக்குக் கப்பல் எதற்கு?" என்று வீட்டில் சிரிக்கிறார்களே?
- ஒரு வாசகி, பூண்டுலோயா

பதில்: "பூட்டன் மலையில் முளைக்கவில்லை, தோணியில் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழி நடந்து வந்தவர்" என்று சொல்லுங்கள்!

வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யைப் பற்றியும் சொல்லுங்கள். நம்மூர் மாலுமிகள் பாய் விரித்து ஓட்டி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல் அது.

கப்பலில் ஏறியதும் பாயைப் பார்த்து மலைக்காமல், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறுகளைத் தொட்டுப் பாருங்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் தாங்கி மலை ஏறும் பெண்கள் பிறந்த ஊர் உங்களுடையது. கயிறு பாரம் சுமக்கும் அருமை உங்களுக்குத் தெரியாதா? சிரித்தவர்களையும் கையோடு கூட்டிப் போங்கள்!