கையுறை நிபுணர்

கையுறை நிபுணர், குளிரிலும் மழையிலும் மவுண்டன் பைக் ஓட்டும் குழுக்களில் காணப்படுபவர். குழுவுக்கு ஒருவர்தான் இருப்பார். இருவர் சேர்ந்துவிட்ட குழு கிளம்புவதில்லை. ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பீபிள்ஸ் ஊருக்கு அருகே கிளென்ட்ரெஸ் காடு இருக்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்தில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஞாயிறு காலைகளில் இவரைப் பார்க்கலாம். மற்றவர்கள் ஹெல்மெட் மாட்டிப் பெடலில் ஒரு காலை வைத்து நிற்க, இவர் மட்டும் கார் டிக்கிக்குள் தலையை விட்டபடி “ஒரே நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். டிக்கிக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டி நிறையக் கையுறைகள்.

அவருடைய கவலை நியாயமானதுதான். அந்தப் பக்கத்தில் குளிர்காலப் பகல் 5 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அந்தக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது 0 டிகிரியாகப் படும். போதாததற்குத் தூறல். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். மவுண்டன் பைக்கில் பிரேக்கைப் பிடிப்பது பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அது மரத்துப்போனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. வேர்கள் புடைத்த ஈரச் சரிவில் முன்சக்கரம் சட்டென்று நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். ஆகவே கையுறை வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் நேரத்தைப் பற்றியது.

பெட்டியிலிருந்து முதலில் வெளிவருவது கோடைக்கால மெல்லிய ஜோடி. பிரேக் லீவர் விரலுக்கு நன்றாகத் தெரியும். பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். நிபுணர் அதைப் போட்டு, முஷ்டியை மடக்கி, இல்லாத பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கழற்றுவார். அடுத்தது நீர்புகாச் சவ்வு வைத்த ஜோடி. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துக் கண்டுபிடித்த கோர்டெக்ஸ் வம்சம் அது. மழைத்துளியை விடாது, வியர்வையின் ஆவியை விடும் என்பது ஏற்பாடு. வெளித்துணி ஊறிப்போனால் ஆவிக்கும் வழி அடைபடும், கை உள்ளேயே நனையும். நிபுணரின் கையுறையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். “இது மழை இல்லை, வியர்வை” என்று அவர் நிறுவனத்துக்காக வாதாடுவார். மூன்றாவது நியோப்ரீன். கடலில் குளிர்தாங்கும் உடை தைக்கிற அதே நுரை ரப்பர். நனைந்தாலும் சூடு போகாது, ஆனால் ஒரு பருவம் ஓட்டியபின் அதன் வாசனை பெட்டியைத் திறக்கும் முன்பே வந்து சேரும். விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்த நண்டுக்கையுறை, அடியில் போட மெரினோ கம்பளி, அதற்கும் அடியில் போட நைட்ரில் என்று பெட்டி ஆழமானது. கல்யாணப் பட்டெடுக்க வந்த குடும்பம்கூட இதற்குள் பில் போட்டிருக்கும்.

மணிக்கட்டு விஷயத்தில் நிபுணருக்குத் தனிச் சித்தாந்தம் உண்டு. சைக்கிள் ஓட்டும்போது முழங்கை உயர்ந்தும் மணிக்கட்டு தாழ்ந்தும் இருப்பதால், மழைநீர் கோட்டின் கையில் வழிந்து நேராகக் கையுறைக்குள் இறங்கும். எனவே கையுறையின் வாய் உள்ளே, கோட்டின் கை வெளியே இருக்க வேண்டும் என்பார். முழுக்கச் சரி. இந்தச் சரியான செய்தி அவருக்கு நினைவு வருவது, கையுறையைப் போட்டு, கோட்டின் மேல் வெல்க்ரோவை ஒட்டி, சைக்கிளில் ஏறிய பிறகு.

கிளம்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் புதியவர்கள். ஏற்றத்தில் உடம்பு சூடேறிக் கை வியர்க்கும். இறக்கத்தில் அதே கை விறைக்கும். ஆகவே உச்சியில் ஜோடி மாற்றுவது நிபுணரின் கொள்கை. ஈரக் கையை வெளியே இழுக்கும்போது உள்ளிருக்கும் லைனிங்கும் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். அதைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். கட்டைவிரல் போகும். சுண்டுவிரல் போகாது. டயர் கழற்றும் லீவரை எடுத்து லைனிங்கை விரல் விரலாகக் குத்தி இறக்குவார். மோதிரவிரலின் லைனிங் நடுவிரலுக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். திரும்பவும் முதலிலிருந்து. காற்று வீசிக்கொண்டே இருக்கும். மரங்களில்லாத அந்த மேட்டில் மற்றவர்கள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு இதைப் பார்த்து நிற்பார்கள்.

இங்கே ஒரு உடலியல் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. உடம்பு குளிர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். விரல் சூடாக இருக்க வேண்டுமானால் முதலில் உடம்பு சூடாக இருக்க வேண்டும். உடம்பு சூடாக இருக்கப் பெடல் மிதித்தாக வேண்டும். கை விறைக்க எளிய வழி, மழையில் சும்மா நிற்பது. நிபுணர் தம் இரண்டு கைகளைக் காப்பாற்ற, குழுவில் மீதியுள்ள அத்தனை கைகளையும் விறைக்க வைக்கிறார். இது வேடிக்கை இல்லை. ஒரு வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்துக்காக வருகிறவர்களின் நேரம் அது. டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ஆனாலும் அவரைக் குழுவிலிருந்து யாரும் நீக்குவதில்லை. புதிதாக வந்த பையன் கடைத்தெருவில் வாங்கிய நூல் கையுறையோடு உச்சிக்கு வந்து, விறைத்த விரலில் ரத்தம் திரும்பும் வலியில் கண்கலங்கி நிற்கும்போது, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காய்ந்த ஜோடியை எடுத்துக் கொடுப்பவர் நிபுணர்தான். தாமே மாட்டிவிட்டு, “வெல்க்ரோவை இறுக்காதே, ரத்தம் ஓடாது” என்று தளர்த்தியும் விடுவார். பிறகு தாம் ஈரக் கையுறையோடு இறங்குவார். அந்தப் பையனை அடுத்த சில வாரங்களுக்கு “எப்படி இருந்தது? உள்ளங்கையில் மடிப்பு விழுந்ததா?” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார், அது கடனுக்கான வட்டி.

இவ்வளவுக்கும் தேவை சிலதான்: சற்றே தளர்வான அளவில் நீர்புகாக் கையுறை ஒன்று, ஏற்றத்துக்கு மெல்லியது ஒன்று, பையில் காய்ந்த மாற்று ஒன்று, உடம்பில் காற்றுப் புகாத கோட்டு. நிபுணருக்கும் இது தெரியும். கேட்டால் இதையேதான் சொல்வார். குழு 9 மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் அவரிடம் மட்டும் 8.30 என்று சொல்லி வையுங்கள். 9.10-க்குத் தயாராகிவிடுவார்.