கூடமும் கோணல்தான், ஆட்டமும் நிற்கவில்லை

இந்த இதழுக்குப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்தால் சாலை, குடிநீர், ரேஷன் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் போனில் ஆடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் துப்பாக்கிச் சத்தம். கையெழுத்துப் போடத்தான் யாருக்கும் துணிவில்லை. எதிரிகள் தொண்ணூற்றொன்பது பேர் இருக்கும் தீவில் குதிக்கிறவர்கள் அம்மாவுக்குப் பயப்படுகிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறோம்.

*அரும்பார்த்தபுரம்*

கே: பப்ஜியைத் தடை செய்துவிட்டதாகச் சொன்னார்கள். என் தம்பி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறானே, எப்படி?

ப: 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜியோடு சேர்த்து 118 செயலிகளை மத்திய அரசு தடுத்தது உண்மை. 2021 ஜூலையில் அதே ஆட்டம், தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று புது வேட்டி கட்டி வந்தது. சிவப்பு ரத்தம் பச்சையானது. 'கொன்றார்' என்பது 'முடித்தார்' ஆனது. 2022 ஜூலை 28-இல் அதுவும் ஆப் கடைகளிலிருந்து மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. இன்னொரு பக்கம், சிங்கப்பூர் கரேனாவின் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைபட்டது; அதன் அண்ணன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தப்பித்துக்கொண்டது. ஊசுட்டேரிப் பறவைகள் போலத்தான், போனால் அடுத்த சீசனுக்கு வந்துவிடும். உங்கள் தம்பி இப்போது எதை ஆடினாலும் உங்கள் அம்மாவுக்கு அது பப்ஜிதான். நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி.

*பத்துக்கண்ணு*

கே: சாப்பிடக் கூப்பிட்டால் "பாஸ் பண்ண முடியாதும்மா" என்கிறான் மகன். நிஜமா, டபாய்க்கிறானா?

ப: நிஜம்தான் தாயே. மற்றவர்களும் அதே நேரத்தில் ஆடுவதால் ஒருவருக்காக நிறுத்த முடியாது. பப்ஜியில் ஒரு முழு ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும். ஃப்ரீ ஃபயர் பத்து நிமிடத்தில் முடியும். "சாப்பிட வாடா" என்பதற்குப் பதில் "இன்னும் எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?" என்று கேளுங்கள். எண்பது என்றால் தாராளமாகத் திட்டலாம். ஐந்து என்றால் குழம்பைச் சூடுபண்ணி வையுங்கள். "செத்துட்டியா? கை கழுவிட்டு வா" என்று பெற்ற தாயே சொல்லும் காலம் இது.

*கிருமாம்பாக்கம்*

கே: சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகிறேன். இது என்ன நியாயம்?

ப: நீங்கள் ஒளிந்தது உங்கள் போனில். தீர்ப்பு சொல்வது எங்கோ இருக்கும் சர்வர். செய்தி அங்கே போய்த் திரும்பி வர ஆகும் நேரம்தான் மூலையில் தெரியும் 'பிங்'. அது 200 என்றால் ஐந்தில் ஒரு நொடி. உங்களைச் சுட்டவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். அவன் பார்த்த உங்களைச் சுட்டுவிட்டான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பஞ்சாயத்து வைத்தாலும் தீராத வழக்கு இது.

*சேலியமேடு*

கே: ஆரம்பத்தில் ஆட்டத்துக்குப் பத்துப் பேரைச் சுட்டேன். இப்போது இறங்கிய உடனே செத்துப்போகிறேன். என் திறமை எங்கே போனது?

ப: அப்போதும் அது இருந்ததா என்பதே கேள்வி. தொடக்க நிலையில் எதிரிகளோடு 'பாட்' எனப்படும் பொம்மைகளும் கலந்து வரும். கணினி ஆட்டிவைக்கும் பொம்மைகள். மரத்தைப் பார்த்துச் சுடும், நின்று சாகும். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போன மாதிரி அது. இப்போது உங்களுக்கு ஐந்தாவது தீபாவளி. சட்டினி கேட்டால் "அடுப்படியில இருக்கு, எடுத்துக்கோங்க" என்பார்கள்.

*பனையடிக்குப்பம்*

கே: வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறைகிறதே, அந்த வட்டம் எதற்கு?

ப: பப்ஜியின் முதல் வரைபடமான எராங்கல் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 சதுர கிலோமீட்டர். நூறு பேரையும் அப்படியே விட்டால் ஆளுக்கொரு புதரில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். வட்டம் சுருங்கினால்தான் சண்டை. புதுச்சேரி வரைபடத்துக்கு மட்டும் இந்த வட்டம் போட முடியாது. வாய்க்காலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், வளைவில் திரும்பினால் விழுப்புரம் மாவட்டம், மறுபடி நம்ம ஊர். பாதி கொம்யூன் எப்போதும் வெளியேதான் நிற்கும்.

*குருவிநத்தம்*

கே: என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. நானும் தினமும் ராத்திரி பதினொன்று வரை சண்டை போடுகிறேன். என்னை மதிக்க மாட்டேன் என்கிறார்.

ப: சொல்தாவுக்குப் பென்ஷன் பிராங்கில் வந்தது, பிறகு யூரோவில் வந்தது. உங்களுக்கு வருவது "இன்றைய டேட்டா தீர்ந்தது" என்ற குறுஞ்செய்தி. கணக்குப் பார்த்துத்தான் மதிக்கிறார் மனிதர்.

*பாகூர், ஓர் ஆசிரியர்*

கே: மாணவர்களுக்கு எராங்கலில் எந்த வீட்டில் எந்தத் துப்பாக்கி கிடைக்கும் என்று தெரிகிறது. சொந்த ஊர் பற்றி ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்ய?

ப: அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். 1752-இல் பாகூரிலேயே நிஜச் சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பிரெஞ்சுக்காரர் பக்கம் ஆளுநர் துய்ப்ளேக்சின் உறவினர் கெர்ழான். துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிக்கொண்டு நேருக்கு நேர் பாய்ந்தார்கள். பிரெஞ்சுப் படை தோற்றது, கெர்ழான் பிடிபட்டார். விழுந்தவனுக்குக் கூட்டாளி ஓடிவந்து 'ரிவைவ்' கொடுக்கும் வசதி அங்கே இல்லை. அதோடு இதையும் சொல்லுங்கள்: ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விழுந்த அந்தக் காலத்து 'ஏர் டிராப்' என்றால் உடனே புரியும்.

*மங்கலம், ஒரு விவசாயி*

கே: துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்க என் போனிலிருந்து 800 ரூபாய் எடுத்திருக்கிறான் பையன். பெயின்ட் அடித்தால் நன்றாகச் சுடுமா?

ப: பப்ஜி வகையில் அந்த 'ஸ்கின்' வெறும் மினுமினுப்பு. ஃப்ரீ ஃபயரில் சில ஸ்கின்கள் துப்பாக்கியின் வேகத்தையும் சேதத்தையும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். ஆனால் உங்கள் பையன் வாங்கியது பெரும்பாலும் பெயின்ட்கூட இல்லை. பெயின்ட் இருக்கலாம் என்ற பெட்டி. பெட்டிக்குள் என்ன வரும் என்று திறக்கும்வரை தெரியாது. எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று தெரியாமல் வைத்தால் புறா ஓயாமல் கொத்தும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எப்போதோ காட்டிவிட்டார். பெல்ஜியம் 2018-லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. இங்கே 2021-இல் ஆட்டம் திரும்பி வந்தபோது சிறுவர்களின் ஒரு நாள் செலவுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: 7,000 ரூபாய்! அந்த வரம்புக்குள் அடங்கி நடக்க நம்மில் யாருக்கும் சிரமமே இருக்காது. போனில் பணம் கட்டும் ரகசிய எண்ணை இன்றே மாற்றுங்கள். அதை வீட்டு நாய்க்குக்கூடச் சொல்லாதீர்கள்.

*ஒதியம்பட்டு, ஒரு மாணவி*

கே: மைக்கைப் போட்டதும் பெண் குரல் என்று தெரிந்துவிடுகிறது. பாதிப் பேர் வழிகிறார்கள், பாதிப் பேர் அசிங்கமாகத் திட்டுகிறார்கள். நான் ஆடவே கூடாதா?

ப: ஆடுங்கள். ஆட்டத்தில் இருக்கும் கோளாறுகளிலேயே மோசமானது இதுதான். இதற்கு நெட்டைக் குறை சொல்ல முடியாது. தெரிந்த மூன்று பேரோடு மட்டும் ஸ்குவாட் போடுங்கள். வாய் நீள்கிறவனை மியூட் செய்து, ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் புகார் கொடுங்கள். அதே ஆள் குண்டடி பட்டு மண்ணில் தவழும்போது "அக்கா, ரிவைவ் குடுங்கக்கா" என்பான். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பெருந்தன்மை.

*கன்னியகோயில்*

கே: எல்லாரும் ஹேக்கர்கள். நேர்மையாக ஆடுகிறவன் நான் ஒருவன்தான்.

ப: ஹேக்கர்கள் இருப்பது உண்மை. 2021 அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் 10-க்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை நிரந்தரமாக முடக்கியதாகக் கிராஃப்டனே அறிவித்தது. சுவரை ஊடுருவிப் பார்ப்பது, தானாகத் தலையைக் குறிபார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் உங்களைச் சுட்டவர்கள் எல்லாம் அந்த 25 லட்சத்தில் அடக்கமா என்பதை நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். போனை அணைத்துவிட்டு.

*கீழூர்*

கே: இந்த ஆட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தினால் என்ன?

ப: கேட்கத் தகுதியுள்ள ஊர்தான். 1954 அக்டோபர் 18-இல் உங்கள் ஊரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், எட்டுப் பேர் எதிர்த்தார்கள். இந்த ஆட்டத்துக்கு வாக்கெடுப்பு வைத்தால் 178 பேரும் "வேண்டாம்" என்று குத்துவார்கள். விரலில் மை காய்வதற்குள் 170 பேர் லாகின் ஆவார்கள். மீதி எட்டுப் பேருக்கு அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும்.

*வில்லியனூர்*

கே: லேக், ஹேக்கர், பாட், போன் சூடு, வாய்த்துடுக்கு... திட்டாத நாள் இல்லை. ஆனாலும் விட முடியவில்லையே, ஏன்?

ப: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். சிக்கலே அதுதான். சதுரங்கத்தில் தோற்றால் பழியைப் போட வேறு யாரும் இல்லை. காயை நகர்த்தியது நம் கை. சடுகுடுவில் பிடிபட்டால் ஊரே பார்த்தது. வில்லியனூர்த் தேரில் வடத்தை நழுவ விட்டவன் "நெட் போயிடுச்சு" என்று சொல்ல முடியுமா? இந்த ஆட்டத்தில் மட்டும் ஒவ்வொரு தோல்விக்கும் நம்பத்தகுந்த ஒரு காரணம் தயாராக இருக்கிறது. கூட்டாளி சொதப்பினான், டவர் கிடைக்கவில்லை, எவனோ ஹேக்கர். நியாயமாக நடந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று மனசு சொல்கிறது. "சரி, இன்னும் ஒரு மேட்ச்" என்று கை அழுத்துகிறது. குறை இல்லாத ஆட்டமாக இருந்திருந்தால் நம் லட்சணம் ஒரு வாரத்தில் தெரிந்து, மானத்தோடு எழுந்து போயிருப்போம்.

*குடியிருப்புப்பாளையம், ஓர் அக்கா*

கே: என் தம்பிக்கு இது பொழுதுபோக்கா, வியாதியா? எப்படித் தெரிந்துகொள்வது?

ப: இதற்கு மட்டும் விளையாட்டில்லாமல் பதில். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ஆட்ட வெறியையும் சேர்த்தது; அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆடும் நேரம் கைமீறிப் போவது, படிப்பு, வேலை, சாப்பாடு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வந்துவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு, பொதுவாக ஓர் ஆண்டு நீடித்தால் வியாதி. நான்கு மணி நேரம் ஆடினாலும் மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தால், அது வியாதி ஆகாது. சந்தேகம் இருந்தால் ஜிப்மர் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். போனைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவது சிகிச்சை ஆகாது. போனும் போகும், தம்பியும் பேச மாட்டான்.

*மணப்பட்டு*

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஆடுவீர்களா? ரேங்க் என்ன?

ப: ஆடுவேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று ஏறும் ஏணியில் என் இடம் அடிப்படியான பிரான்ஸ். போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து "எனக்கு பிரான்ஸ்தான் கிடைச்சிருக்கு" என்று சலித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து கையைக் குலுக்கி, "விசா எப்போ?" என்றார். புதுச்சேரியில் இந்த ரேங்கோடு வாழ்வது கஷ்டம்.

அந்த மாமா போன பிறகு ஒரு காரியம் செய்தேன், நீங்களும் செய்யலாம். அடுத்த முறை செத்ததும் நெட்டையும் கூட்டாளியையும் திட்டாமல், "குறி தப்பியது என்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு அன்று ஒன்பதரைக்கே தூக்கம் வந்துவிட்டது.