முட்டி போட வேண்டியவர்கள்

இந்த நாட்டில் குறித்த நேரத்துக்குத் தவறாமல் நடக்கிற காரியம் ஒன்று உண்டு: பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டுவது. பிரேயர் மணி அடித்ததும் பூட்டு விழும். ஐந்து நிமிடம் பிந்திய மூன்றாம் வகுப்புப் பிள்ளை வெளியே நிற்க வேண்டும். உள்ளே விட்டால் முட்டி போட வேண்டும். பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் வதைக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சொல்லட்டுமே. நேரந்தவறாமையைச் சின்ன வயதிலேயே பழக்கிவிட வேண்டும். பெரிய பதவிக்குப் போய்விட்டால் அது தேவைப்படாது.

அந்தச் சட்டம் வந்து சேர்ந்த அழகைப் பாருங்கள். பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தே ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று 1950இல் அரசியல் சாசனம் கெடு வைத்தது. அதாவது 1960. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1ஆம் தேதி. நாளைப் பார்த்துத்தான் பொறுக்கினார்களோ என்னவோ! ஐம்பது வருட லேட்டுக்கு எந்தப் பிரதமரும் நாடாளுமன்றப் படிக்கட்டில் முட்டி போடவில்லை.

பிள்ளை ஏன் லேட்? அம்மா விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். குழாயில் தண்ணீர் வந்தால் குடம் பிடித்து, தம்பிக்குத் தலை சீவி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வர வேண்டியது எட்டு வயது அக்கா. பஸ்ஸிலாவது வரலாமென்றால், ஓசி பாஸ் கூட்டத்தைக் கண்டதும் டிரைவருக்கு பிரேக் மறந்துபோகிறது. கடம்பூர் மலைப் பக்கமென்றால் பாதையை விட்டு யானை நகர வேண்டும். அதற்குப் பள்ளி நேரம் பற்றிய சுற்றறிக்கை இன்னும் போகவில்லை. ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று குறிப்பு எழுதுகிற அதிகாரி, பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குகிறார்.

சரி, ஓடி வந்தாயிற்று. உள்ளே யார் இருக்கிறார்கள்? அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது சட்டம். ஒருவர் வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக அலைகிறார். தேர்தல் வேலைக்கு 27ஆம் பிரிவே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மற்றவர் ஐந்து வகுப்பையும் உட்காரவைத்துவிட்டு, சிக்னல் தேடி போனை உயரப் பிடித்தபடி நிற்கிறார். ஆப்பில் ஏறினால்தானே பிள்ளை வந்ததாகக் கணக்கு!

மந்திரி விழா என்றால் எட்டு மணிக்கே வெயிலில் வரிசை. மந்திரி ஒரு மணிக்கு வருவார். லேட்டாக வந்தவருக்குப் பிள்ளைகள் கை தட்ட வேண்டும்.

பிள்ளைகளை நேரத்தோடு வரவழைக்க உருப்படியாக நடந்த ஒன்று, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். பூட்டுக்கு வராத பிள்ளை உப்புமாவுக்கு வந்தது. அது பொறுக்குமா? மறு ஆண்டே, இந்தச் சாப்பாட்டால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று தலைப்புப் போட்டது ஒரு நாளிதழ். ஏழை வீட்டுப் பிள்ளையின் வயிறு நிறைந்தால் குமட்டுகிற மூக்குகள் இன்னும் இருக்கின்றன.

ஒவ்வொரு பிள்ளையின் வருகையையும் உறுதிசெய்ய வேண்டியது அரசு என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேட்டில் முதல் ஆப்சென்ட்டை அந்தப் பெயருக்குப் போடுங்கள்.