மூச்சு விடாமல் கேளுங்கள்

மாட்டின் மூச்சை எண்ணச் சொல்கிறார்கள். கிட்டே போனாலே உதைக்கிறதே! (முதலாண்டு கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்)

கிட்டே ஏன் போகிறீர்கள்? நாலடி தள்ளி நின்று, விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. தொட்டுவிட்டு எண்ணினால் அது மூச்சுக் கணக்கல்ல, பயக் கணக்கு. யாருடைய பயம் என்று கேட்காதீர்கள்.

கோழியை எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன். நுரையீரலைப் பார்த்ததே இல்லை. (திண்டுக்கல்)

முதுகுப் பக்கம், விலா எலும்புகளுக்கு நடுவே பதிந்திருக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சுதான் அது. நம்முடையதுபோல உப்பிச் சுருங்காது. கோழிக்கு நம்மைப்போல உதரவிதானமும் கிடையாது. துருத்தி வேலை பார்ப்பவை 9 காற்றுப் பைகள். முதல் இழுப்பில் காற்று பின்பைகளுக்குப் போகிறது. விடும்போது நுரையீரலுக்குள் நுழைகிறது. அடுத்த இழுப்பில் முன்பைகளுக்கு வருகிறது. மறுபடி விடும்போதுதான் வெளியேறுகிறது. ஆக, ஒரு காற்றுக்கு இரண்டு மூச்சு. இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலில் காற்று ஒரே திசையில்தான் ஓடும். (தேர்வில் இதைப் படமாக வரையும்போது மார்க் போவது அம்புக்குறிகளில்தான்.) கோழியின் மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மார்பு அசையாவிட்டால் துருத்தி நின்றுவிடும். மூக்கைப் பொத்தாமலே மூச்சு முட்டிச் சாகும்.

ஓடிக் களைத்த குதிரை நாய்போல வாய் திறந்து இரைப்பதில்லையே, ஏன்?

முடியாது. அதன் நீண்ட மெல்லண்ணம் வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே திரை போட்டிருக்கிறது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு.

பக் நாயின் குறட்டை அழகாக இருக்கிறது!

மூக்கைக் குட்டையாக்கி வளர்த்தவர்கள் உள்ளே இருக்கும் மெல்லண்ணத்தைக் குட்டையாக்க மறந்துவிட்டார்கள். நீங்கள் ரசிப்பது மூச்சுத்திணறலை.

தாத்தா மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்து, மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவார். டாக்டர் திட்டுகிறார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே?

அது மாட்டின் சாமர்த்தியம். நாக்கைப் பிடித்தால் விழுங்க வராது. தலையை அண்ணாந்து தூக்கினால் எண்ணெய் மூச்சுக்குழலுக்கு வழி கண்டுபிடித்துவிடும். அதன் வழவழப்பில் இருமல்கூடச் சரியாக வராது. நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள். மாட்டுக்குப் புரையேறினால் நிமோனியா. ஊற்றியே ஆக வேண்டுமென்றால் நாக்கை விடுங்கள், தலையை லேசாக மட்டும் தூக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை இறக்கவிடுங்கள்.

பூனை 'குர்ர்' என்பது மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா?

இரண்டிலும். நடுவே நிறுத்தவே வேண்டாம். மேடைப் பேச்சாளர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.